சயன்ஸ் சேர் வீட்டு நாய்

தோலின் குறுக்குவெட்டுமுகத்தைக் கரும்பலகையில் வரைய எனக்குப் புத்தகம் வேண்டாம். மேற்றோல், உட்டோல், மயிர்ப்புடைப்பு, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெய்ச்சுரப்பி, அடியில் கொழுப்புப் படை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறச் சோக்கு. ஓய்வு பெறும்வரை வருஷம் தவறாமல் வரைந்திருக்கிறேன். நெய்ச்சுரப்பியின் தொழில் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கலகெதரயில் இன்றைக்கும் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, "சயன்ஸ் சேர்"தான். அந்தச் சயன்ஸ் சேர் வீட்டு நாய்தான் ஒரு காலத்தில், எங்கள் பாதையில் போகிற டியூஷன் பிள்ளைகளை மூக்கைப் பொத்த வைத்தது.

நாயின் பெயர் சூட்டி. கறுப்பு, தொங்கு காது. தகப்பன் கொக்கர் ஸ்பனியல் என்று தந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்; தாயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கண்டி – குருநாகல் வீதியை விட்டு இறங்குகிற மண்பாதையில், மிளகுக்கொடிக்கும் பலாமரத்துக்கும் நடுவே எங்கள் வீடு. நிழலும் ஈரமும் வருஷம் முழுக்க. மிளகுக்கு அது நல்லது. நாயின் தோலுக்கு நல்லதா என்று யோசிக்க வேண்டியவன் நான். யோசிக்கவில்லை.

முதலில் வந்தது முதுகில் வெள்ளைச் செதில். கறுப்பு உரோமத்தில் பளிச்சென்று தெரிந்தது. "பொடுகு" என்றேன். ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்ட நிம்மதி எனக்கு வந்துவிடும். ஆசிரியத் தொழிலில் பிடித்த வியாதி அது. கொஞ்ச நாளில் செதிலோடு பிசுக்கும் சேர்ந்தது. தடவினால் கை வழுவழுக்கும். கழுவிய பிறகும் விரலில் காறிய எண்ணெய் வாடை நிற்கும். கழுத்தடியும் தொடையிடுக்கும் தடித்துக் கருத்து வந்தன. சூட்டியோ பின்னங்காலால் விறாந்தைத் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். இரவில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது. அவனுக்கும் கெட்டிருக்கும் என்பது வெகு பின்னால்தான் உறைத்தது.

என் முதல் சிகிச்சை என் தலையிலிருந்தே கிடைத்தது. எனக்கும் பொடுகு உண்டு. அதற்கு நான் போடும் ஷாம்பு குளியலறையில் இருந்தது. பொடுகுக்குப் பொடுகு ஷாம்பு. தர்க்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு நாள் நாய் மணந்தது. அதற்குப் பிறகு தோல் வறண்டு, சொறிச்சல் கூடி, பிசுக்கு முன்னையதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது. நமது மேற்றோலில் பத்துப் பதினைந்து கலப்படைகள் இருக்கின்றன. நாய்க்கு 3 முதல் 5 வரைதான். உரோமம்தான் அதன் சட்டை, அடியில் இருப்பது மெல்லிய தோல். நம் தோலின் பி.எச். பெறுமானம் 5.5 அளவில், அமிலப் பக்கம். நாயின் தோல் 7 ஐ ஒட்டி, நடுநிலைக்குப் பக்கத்தில். நமக்கென்று செய்த ஷாம்பு அதற்கு ஒத்துப்போகாது. பி.எச். பற்றி லிட்மஸ் தாளோடு பாடம் நடத்தியவன் நான் என்பதையும் இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன்.

இரண்டாவது சிகிச்சை தேங்காய் எண்ணெய். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் பூசிப் பார்க்காத வியாதி கிடையாது. பிள்ளையின் சிரங்குக்கும், பசுவின் மடிக்கும், துருப்பிடித்த பூட்டுக்கும் அதே போத்தல்தான். பிசுக்குப் பிடித்த நாய்க்கு எண்ணெய் பூசுவது சரியா என்று ஒரு தரம் 8 பிள்ளை கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். கேட்க ஆளில்லை. தாராளமாகப் பூசினேன். சூட்டி அதை நக்கி நக்கி வயிறு கழிந்தான். மிச்சத்தைச் சோபாவிலும், வாசல் கால்மிதியிலும், வெளுத்துக் காயப்போட்டிருந்த வேட்டியிலும் தேய்த்தான்.

"ஏங்க, நாய்க்கு எண்ண வச்சீங்களா, நாய எண்ணயில போட்டு எடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் நாயும், நாயின் உயரத்துக்கு மஞ்சள் கோடு போட்ட சுவர்களும் இருந்தன. அடுத்தது எனக்குப் படர்தாமரை வந்தபோது பாமசியில் வாங்கிய கிறீம். ஸ்டீரொயிட் கலந்த சாமான். அரிப்பைச் சட்டென்று அடக்கும், அடியில் நோய் தன் பாட்டில் வளரும், விடாமல் போட்டால் தோலும் மெலியும். பூசிய கை மறைவதற்குள் நாய் நக்கிவிடும் என்பது இன்னொரு பக்கம். இரண்டு நாள் சூட்டி நிம்மதியாகத் தூங்கினான். நானும் தூங்கினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இந்தக் கட்டத்தில்தான் கராஜ் பாஸ் கதைக்குள் வருகிறார். என் பழைய மோட்டார் சைக்கிளை உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். நல்ல மனுஷன். சந்திக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினார்.

"சேர், நாய்க்கு ஹொரி போல. ஒண்ணும் செலவழிக்க வேணாம்" என்று சொல்லி, எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஒயிலை அரைப்போத்தல் அளவுக்கு என் கையில் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பழைய எஞ்சின் ஒயில் பூசினால் சொறி போகும் என்ற நம்பிக்கை இலங்கையிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. சொறிப் பூச்சிகள் சில அதில் மூச்சு முட்டிச் சாகலாம். அந்தப் பெயரை வைத்துத்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது. ஆனால் ஓடித் தேய்ந்த எஞ்சினின் ஒயிலில் பார உலோகங்களும், எரிந்து மீந்த ஐதரோகாபன்களும் கலந்திருக்கின்றன. தோலை எரிக்கும். நாய் நக்கினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பூசி நாய் செத்தால், சொறி முற்றிச் செத்தது என்று ஊர் சொல்லும். ஒயிலின் பேர் கெடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த மனிதன் அந்த இடத்திலேயே "வேண்டாம் பாஸ், இது நஞ்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "ரொம்ப நன்றி பாஸ்" என்றேன். மோட்டார் சைக்கிளின் கிளச் அப்போது அவரிடம்தான் இருந்தது. போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து விறகுக் கொட்டிலில் மறைத்து வைத்தேன். பூசவில்லை என்பதுதான் இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே நல்ல காரியம். அதையும் பிறகு எப்படிக் கெடுத்தேன் என்பது கடைசியில் வருகிறது.

வைத்தியரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் கண்டி மாவட்டத்தில், பேராதனையில், மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. நாட்டின் மிருக வைத்தியர்களில் பெரும்பாலோர் படித்து வெளியேறுகிற இடம். கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டிவிட்டால் எங்களுக்கு அது பெரிய தூரமும் இல்லை. ஊரிலேயே அரச மிருக வைத்தியரும் உண்டு. வெட்கம்தான் காரணம். நாயைக் காட்டினால் சயன்ஸ் சேர் இத்தனை நாள் என்ன செய்தார் என்று கேட்பார்களே என்ற வெட்கம். ஒரு இரவு மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் பழைய அறைக்குப் போய்விட்டாள். தாளச் சத்தம் தாங்கவில்லையாம். மறுநாள் நான் திரீவீலுக்குச் சொன்னேன்.

புறப்படுவதற்கு முன் நான் செய்த காரியத்தை எந்த நாய் வைத்தியரும் மன்னிக்க மாட்டார். அழுக்கு நாயோடு போவதா என்று காலையில் சூட்டியை அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். காய்ந்ததும் என் பவுடரையும் தூவினேன். கிளினிக்கில் ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். குனிந்து மணந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"குளிப்பாட்டினீங்களா?"

"சுத்தமாக் கொண்டுவரணும்னு..."

"நான் பார்க்க வேண்டியதை எல்லாம் கழுவிட்டீங்களே, சேர்."

சிங்களத்தில்தான் பேசினோம். கடைசிச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னதுபோல எனக்குக் கேட்டது. குளிப்பாட்டாமல், எதுவும் பூசாமல், சில நாள் விட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். திரீவீல்காரத் தம்பி திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பவுடர் வாசனைக்கு இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிவிட்டிருந்தான்.

இரண்டாவது முறை மனைவியும் வந்தாள். டொக்டர் நாயைத் தொடுவதற்கு முன்பு கேள்வி கேட்டார். முதலில் வந்தது சொறிச்சலா, செதிலா? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நெய்ச்சுரப்பியில் தொடங்கினேன். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சொறிச்சல்தான் மொதல்ல. வால் அடியில கடிச்சுக்கிட்டே இருந்தான். செதில் பொறவுதான்" என்றாள் அவள். எனக்கு இது செய்தி.

அந்த ஒரு பதிலில் பாதி வழி திறந்துவிட்டது. செபோரியா என்று வைத்தியர்கள் சொல்கிற இந்தச் செதிலும் பிசுக்கும் அநேகமான நாய்களில் தனி நோயே அல்ல, வேறொன்றின் வெளித்தோற்றம். அந்த வேறொன்று தெள்ளாக இருக்கலாம், உண்ணியாக இருக்கலாம், சொறிப் பூச்சியாக, ஒவ்வாமையாக, கொழுப்பமிலம் குறைந்த சாப்பாடாக இருக்கலாம். நடுவயது நாய் சொறியாமலே செதிலுதிர்த்து, மந்தமாகிக் கொழுத்து வந்தால் தைரொயிட் ஓமோன் குறைந்திருக்கிறதா என்று இரத்தம் பார்ப்பார்கள். சொறிச்சல் முந்தியதா, செதில் முந்தியதா என்பது அதனால்தான் முதல் கேள்வி. பிறப்பிலேயே வருகிற செபோரியாவும் உண்டு. கொக்கர் ஸ்பனியலும் பாசெட் ஹவுண்டும் அதற்குப் பேர்போன இனங்கள். சாதாரண நாயின் மேற்றோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும். பிறவிச் செபோரியா உள்ள கொக்கரில் அந்தப் பயணம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் முடிந்துவிடும். முற்றாத கலங்கள் குவியல் குவியலாக உதிர்கின்றன.

கொக்கர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தகப்பன் வழியில் வந்ததென்றால் என் மேல் குற்றமில்லையே.

"அப்படியும் இருக்கலாம்" என்றார் டொக்டர். "மத்தக் காரணங்களை ஒவ்வொண்ணா அகற்றின பிறகுதான் அதைச் சொல்ல ஏலும்." என் பக்கம் வரவிருந்த விடுதலை அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்ததாகச் சூட்டியின் காதைப் புரட்டினார். உள்ளே கபில நிறக் குறும்பி, அதே காறல் வாடை. இத்தனை மாதம் நாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த நான் அந்தக் காதைத் தூக்கிப் பார்த்ததில்லை. பிறகு ஒரு செலோடேப் துண்டைக் கழுத்தடித் தோலில் ஒட்டி எடுத்து, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். "நீங்களும் பாருங்க" என்று இடம் விட்டார். ஓய்வுக்குப் பிறகு நான் நுணுக்குக்காட்டியில் கண் வைத்தது அன்றைக்குத்தான். ஊதா நிறத்தில், உடைக்காத நிலக்கடலை வடிவில் சின்னச் சின்ன உயிர்கள், கும்பல் கும்பலாக. மதுவம். பெயர் மலசீசியா பச்சிடெர்மாட்டிஸ்.

மதுவத்தைப் பற்றி எத்தனையோ வருஷம் படிப்பித்திருக்கிறேன். என் வகுப்பில் மதுவம் பாணில் இருந்தது, கள்ளில் இருந்தது. நாயில் இருந்ததே இல்லை. இந்த இனப் பங்கசு மனிதத் தோலின் செதிலில் இருப்பதை 1874 இல் விவரித்தவர் பிரெஞ்சுக்காரரான மலசே, பேரும் அவருடையது. நாயில் காணப்படும் இந்த வகையை 1925 இல் வைட்மன் என்பவர் விவரித்தார். அவருக்கு அது அகப்பட்டது நாயில் அல்ல, பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில் தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்தில். தடித்தோல் மிருகத்தின் பேர் அதனால்தான் அதற்கு ஒட்டிக்கொண்டது. சூட்டியின் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தபோது அந்தப் பேர் தப்பில்லை என்று பட்டது. சுகமான நாயின் தோலிலும் காதிலும் இது கொஞ்சமாகக் குடியிருக்கும், தொந்தரவு செய்யாது. தோலில் ஈரமும் நெய்ப்பசையும் கூடி, சொறிந்து சொறிந்து மேல்படை உடைந்தால் பெருகிவிடும். பெருகினால் இன்னும் அரிப்பு, இன்னும் பிசுக்கு.

அப்படியானால் முதல் சொறிச்சல் எங்கிருந்து வந்தது? "தெள்ளு பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டில தெள்ளு இல்ல, மிஸ்" என்றேன். படித்தவன் வீட்டுக்குத் தெள்ளு வராது என்று எனக்குள் ஒரு சட்டம் இருந்திருக்க வேண்டும்.

அவர் ஒரு பல்நெருங்கிய சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினார். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டங்கள் கசிந்து விரிந்தன. மண் என்றால் அப்படிக் கசியாது. அது தெள்ளின் எச்சம். சமித்துக் கழித்த நாய் இரத்தம். ஒரு சீப்பு, ஒரு தாள், நாலு சொட்டுத் தண்ணீர். என் ஆசிரிய வாழ்க்கையில் இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான பரிசோதனை ஒன்றை நான் செய்து காட்டியதில்லை. மனைவி தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

நாயின் மேலே நாம் காணும் வளர்ந்த தெள்ளு அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மிச்சம் 95 சதவீதம் முட்டையாகவும் குடம்பியாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயில், சாக்கில், தரை வெடிப்பில், சோபாவின் இடுக்கில் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியது. ஆகவே நாய்க்கு மாத்திரை, வீட்டுக்குத் துப்புரவு. படுக்கைச் சாக்குகளைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரிக்க வேண்டும். அடுப்படியில் படுக்கிற பூனைக்கும் பூனைக்கென்றே உள்ள மருந்து போட வேண்டும். நாய்க்கான தெள்ளு மருந்து சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும் என்று டொக்டர் இரண்டு முறை சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது முறை சொன்னார் என்று நினைக்கிறேன். எல்லாம் செய்தேன், சாக்கைத் தவிர. விறகுக் கொட்டிலில் சூட்டி பகலில் படுக்கிற பழைய மிளகுச் சாக்கு. அவனுக்குப் பிடித்தமானது என்று விட்டுவைத்தேன். தெள்ளுக்கும் அது பிடித்தமானதாகத்தான் இருந்திருக்கிறது.

இனி ஷாம்பு. இரண்டு சதவீதம் குளோர்ஹெக்சிடின், இரண்டு சதவீதம் மைகொனசோல். வாரத்துக்கு இரண்டு முறை. 2020 இல் தோல் வைத்திய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டலிலும் இந்த மதுவத்துக்கு வலுவான சான்றோடு பரிந்துரைத்தது இந்தக் கலவையைத்தான். பிசுக்கு மிகவும் கூடியிருந்தால் பென்சோயில் பெரொக்சைட் உள்ளதும், செதில் கூடியிருந்தால் கந்தகமும் சலிசிலிக் அமிலமும் உள்ளதும் தருவார்களாம். முதலாவது துவாயை வெளுக்க வைத்துவிடும், கவனம். எது ஆனாலும் நிபந்தனை ஒன்றுதான். நுரை தோலில் படிந்த பிறகு 10 நிமிஷம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கழுவ வேண்டும்.

10 நிமிஷம். பரீட்சை மண்டபங்களில் எத்தனை வருஷம் "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று மிரட்டியிருக்கிறேன். பிள்ளைகள் பதறிப்போவார்கள். நனைந்த நாயைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய காலம் என்று தெரியும். முதல் நிமிஷம் சூட்டி என்னை நம்பினான். இரண்டாவது நிமிஷம் சந்தேகப்பட்டான். மூன்றாவதில் முழு உடம்பையும் ஒரு தரம் உதறினான். மருந்தில் பாதி என் கண்ணாடியிலும் சட்டையிலும். "போதும், போதும்" என்று வாளியைக் கவிழ்த்தேன். அடுத்த முறை கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மனதுக்குள் எண்ணினேன். என் எண்ணிக்கை எப்படியோ எப்போதும் கடிகாரத்தை முந்தியது. மழை நாட்களில் சரியாகத் துவட்டவும் இல்லை. கலகெதரயில் ஒக்டோபர் பின்னேரங்களில் வெயிலை நம்பி நாயைக் காயவிடுகிறவனுக்கு என்ன பேர் வைப்பது?

மீள்பார்வைக்குப் போனபோது டொக்டர் கேட்டார்: "பத்து நிமிஷம் வைக்கிறீங்கதானே?"

"வைக்கிறேன், மிஸ்."

வீட்டுவேலை செய்யாத பிள்ளை "செய்தேன் சேர், கொப்பி வீட்டில" என்று சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டொக்டருக்கும் தெரிந்திருந்தது. தாளில் "10 நிமிஷம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, அதை மனைவியிடம் கொடுத்தார்.

ஆனாலும் தேறினான். தெள்ளு மாத்திரையும், அரைகுறை ஷாம்பும், காதுக்கான சொட்டு மருந்தும் சேர்ந்து இரண்டாவது வாரத்திலேயே சொறிச்சலைக் குறைத்துவிட்டன. வாடை போய்விட்டது. டியூஷன் பிள்ளைகள் மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள். நான் உடனே ஷாம்பை நிறுத்தினேன். வென்ற யுத்தத்தில் ஏன் குண்டை வீணாக்குவது?

எங்கள் ஊருக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் ஆங்கிலப் படை கண்டியை நோக்கி ஏறி வந்தபோது கலகெதர, கிரிஹாகம காவலரண்கள் பெரிய எதிர்ப்பில்லாமல் அதன் கைக்குப் போயின. கண்டி நகருக்குள் நுழைந்தால் அங்கே ஆளே இல்லை. தங்கள் ஆளான முத்துசாமி என்பவரை அரசனாக்கி உட்கார வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தார்கள். காய்ச்சல் ஒருபுறம், மலைகளுக்குள் காத்திருந்தவர்கள் ஒருபுறம். ஜூனில், அங்கே எஞ்சிய படையோடு மேஜர் டேவி சரணடைந்தார்; படையில் மிகச் சிலரே தப்பினார்கள். பள்ளியில் வரலாற்று ஆசிரியர் இதை ஆசிரியர் அறையில் சொல்லும்போதெல்லாம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்கவே மூன்று வாரம் வேண்டும் என்று டொக்டர் சொன்னபோதும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மிளகுச் சாக்கிலிருந்து புதுத் தெள்ளுகள் கிளம்பின. ஒக்டோபர் மழையும் வலுத்தது. தாளம் திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு பொறுப்பு கைமாறியது. மனைவி சாக்கை எரித்தாள், என்னிடம் கேட்கவில்லை. குளிப்பாட்டும்போது தொலைபேசியில் அலாரம் வைத்து அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் தலையை நீவிக்கொடுத்துக்கொண்டிருந்தால் சூட்டி 10 நிமிஷமும் சிலையாக நிற்கிறான் என்பதையும் கண்டுபிடித்தாள். நான் வாளி தூக்குகிறேன். கஞ்சிச் சோற்றோடு சாளை மீன் சேர்ந்தது. மீனெண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் தோலுக்கு நல்லது, ஆனால் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் பொறுக்க வேண்டுமாம். இப்போது வாரம் ஒரு குளியல். மழைக்காலத்தில் இரண்டு. தோலில் கொக்கர் தகப்பனின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று டொக்டர் கடைசியில் ஒத்துக்கொண்டார். முற்றாக மாறாது, அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். தகப்பன் பங்கைப் பற்றி அவர் சொன்னதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மற்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கராஜ் பாஸிடம் வருகிறேன். நாய் பளபளவென்று ஆனதும் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எப்பிடி சேர் நம்ம ஒயில்?" முகம் முழுக்கச் சந்தோஷம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அருமை பாஸ்" என்றேன். ஒரு மனிதரின் மனதை நோகடிக்காமல் இருந்தேன் என்று அந்த நேரத்தில் என்னையே மெச்சிக்கொண்டேன். ஒரு மாதம் போயிருக்கும். ஹதரலியத்தப் பக்கமிருந்து யாரோ ஒருவர் எங்கள் கேற்றைத் தட்டினார். அவருடைய நாய்க்குச் சொறியாம். "சயன்ஸ் சேரே ஒயில் பூசித்தான் நாயைக் காப்பாத்தினாராம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பூசினீங்க சேர்?" என்று கேட்டார்.

எனக்கு வியர்த்தது. அவரை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, நஞ்சு என்றும், நாய் நக்கும் என்றும், தெள்ளு, சீப்பு, வெள்ளைத் தாள் என்றும் ஒரு முழுப் பாடம் நடத்தினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். போகும்போது, "சேருக்கு அந்த மருந்தை வெளியில சொல்ல விருப்பமில்ல போல" என்றார்.

அன்று பின்னேரமே கராஜுக்குப் போனேன். ஒன்றும் பூசவில்லை, பொய் சொன்னேன், சுகப்படுத்தியது டொக்டர், இனி யாருக்கும் ஒயில் கொடுக்காதீர்கள் பாஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப பூசவே இல்லையா, சேர்?"

"இல்ல பாஸ்."

"அப்ப அந்தப் போத்தல் அப்படியே இருக்குமே. நாளைக்கு எடுத்துட்டு வாங்க. கிரைண்டருக்கு ஊத்தலாம்."

மறுநாள் தேடினேன். விறகுக் கொட்டிலில் போத்தல் இல்லை. "சாக்கு ஈரமா இருந்துச்சு, பத்தல. அதை ஊத்தித்தான் பத்த வச்சேன்" என்றாள் மனைவி. பாஸிடம் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மோட்டார் சைக்கிளின் பிரேக் இப்போது அவரிடம் இருக்கிறது.